கூடுதல் கூலியும் இரண்டாம் சீலமும்



சென்ற பௌர்ணமி நாளன்று, பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே ஓர் உபாசகர் இல்லத்தில் நாம் கூடிப் பஞ்சசீலம் ஏற்றபின், சகோதரி ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். அவர் முந்திரி ஆலையில், நம் ஊரார் வழக்கில் சொன்னால் அண்டி ஆபீசில், பருப்பின் தோல் நீக்கும் வேலை செய்பவர்.

"அண்ணே, இந்த முறை என் பேங்குக் கணக்கில் வரவேண்டியதைக் காட்டிலும் 2,300 ரூபாய் கூடுதலாக ஏறியிருக்கிறது. நான் கேட்கவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. கணக்கில் பொய் எழுதவில்லை. அவர்களாகவே போட்டார்கள். இதை நான் வைத்துக்கொண்டால் இரண்டாம் சீலம் கெடுமா?"

கூடியிருந்தோர் பலவாறு பேசினர். "முதலாளிக்கு இது கடலில் ஒரு குடம்; அவருக்கு என்ன நட்டம்?" என்றார் ஒருவர். "ஆண்டுக் கணக்காக நமக்குப் பாக்கி வைத்திருப்பவர் பணம்தானே, நமக்குச் சேரவேண்டியதே சேர்ந்தது" என்றார் மற்றொருவர். "அவர்கள் கேட்டால் கொடுப்போம், கேளாவிட்டால் நாம் ஏன் வாய் திறக்கவேண்டும்?" என்றார் வேறொருவர். இம்மூன்று விடைகளையும் ஒரு காலத்தில் நானே என் மனத்திற்குச் சொல்லி அதைத் தூங்கவைத்தவன். ஆதலின் எவரையும் இகழாமல், அன்று சுருக்கமாகக் கூறியதை இங்கு விரித்தெழுதத் துணிகிறேன்.

இது சிறிய வினாவன்று. நம் சங்கங்களின் வரலாறே உழைப்பாளர் வரலாறு. அயோத்திதாசப் பண்டிதர் 1898ஆம் ஆண்டில் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியபின், அவ்வியக்கம் கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளரிடையே வேரூன்றியது. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கரோடு தம்மம் ஏற்ற பல இலட்சம் மக்களும் பெரும்பாலும் கைவேலை செய்து உண்பவர்களே. கூலி வாங்கி உண்பவனுக்குச் சீலம் எங்கே சோதிக்கப்படும்? விகாரையிலா? அன்று. சம்பள நாளன்று, எண்ணி முடித்த பணத்தின் முன்னே சோதிக்கப்படும்.

கொடுத்தது யாது, கொடாதது யாது?

இரண்டாம் சீலம் திருடாமை என்று சுருங்கச் சொல்லப்படினும், அதன் சொல்லமைதி கொடாததைக் கொள்ளாமை என்பதாம். அவ்வாறாயின் சகோதரியின் வாதம் வலுவுடையதாகவே தோன்றும். "கொடாததை நான் கொள்ளவில்லையே, அவர்கள் கொடுத்ததைத்தானே கொண்டேன்?" என்று அவர் கேட்கலாம்.

இவ்வாதத்திற்கு விடை, பிக்குகளுக்குத் திருட்டைத் தடுத்த முதல் விதி பிறந்த கதையிலேயே இருக்கிறது. விநய நூல் கூறுவது இது. தனியர் என்னும் பிக்கு குயவர் குடியில் பிறந்தவர். தமக்கொரு குடில் கட்ட மரம் வேண்டி, இராசகிருகத்தில் அரசனுடைய மரக்கிடங்குக் காவலனிடம் சென்று, "இம்மரங்களை அரசர் எனக்குக் கொடுத்திருக்கிறார்" என்றார். காவலன் நம்பினான், அவர் மரங்களைக் கொண்டுபோனார். பிம்பிசார அரசன் அழைத்துக் கேட்டபோது, "நீர் முடிசூடிய நாளில் புல்லும் மரமும் நீரும் துறவிகளுக்குக் கொடுக்கப்பட்டன என்று அறிவித்தீர் அன்றோ?" என்று தனியர் சொன்னார். அரசனோ, தான் எண்ணியது காட்டில் உடையவர் இன்றிக் கிடப்பவற்றையே என்றும், கிடங்கில் காவலோடு அடுக்கிய மரங்களையன்று என்றும் விளக்கி, அவரைத் தண்டியாது விடுத்தான். அரசன் விடுத்தான், ஆனால் பகவன் புத்தர் விடவில்லை. அச்செயலைக் கண்டித்து விதி வகுத்தார். ஐந்து மாசகம் பெறுமான பொருளை அவ்வாறு கொண்ட பிக்கு, பிக்குவாக இருக்கும் தகுதியை இழப்பான் என்பதே அவ்விதி.

இதில் நாம் காண்பது யாது? காவலன் மரத்தை எடுத்துக்கொள்ள விட்டான். ஆயினும் அது கொடுத்ததாகவில்லை. அரசன் வாய் ஒரு சொல்லைச் சொல்லியிருந்தது. ஆயினும் அவன் மனம் அம்மரத்தைக் கொடுக்கவில்லை. ஆகவே, கொடுப்பவன் அறிந்து, இது உனக்கு என்று எண்ணிக் கொடுத்ததே கொடுத்தது. கை தவறியதும், கணக்கு தவறியதும், இக்காலத்தில் கணிப்பொறி தவறியதும் கொடையாகா.

உரையாசிரியர்கள் இச்சீலம் முற்றும் கெடுவதற்கு ஐந்து அங்கங்களைக் கூறுவர். பொருள் பிறருடையது, அது பிறருடையது என்ற அறிவு, திருடும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் பொருள் தன்வயமாதல். சகோதரியின் 2,300 ரூபாயை இவ்வைந்தின்மேல் வைத்துப் பாருங்கள். பணம் கணக்கில் ஏறிய நாளில் பொருள் பிறருடையதாக இருந்ததேயன்றி, அறிவு இல்லை. ஆகவே குற்றமும் இல்லை. அவர் எண்ணிப் பார்த்துக் கூடுதல் என்று அறிந்த கணத்தில் இரண்டாம் அங்கம் வந்து சேர்கிறது. "சொல்லாமல் இருந்துவிடுவோம்" என்று மனம் முடிவு செய்யும்போது மூன்றாவது. அதனை எடுத்துச் செலவிடும்போது மற்ற இரண்டும். சும்மா இருத்தல் முயற்சியாகுமா என்று வாதிப்பார் வாதிக்கலாம். பணத்தை எடுக்க நீளும் கை முயற்சியே.

நம் நாட்டுப்புறத்தார்க்கு இதனை வேறொரு வகையாகவும் சொல்லலாம். எல்லை என்பதை நம்மினும் அறிந்தவர் யார்? 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நிற்க, ஒரே மொழி பேசும் உறவினர் கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் ஆயினர். மாநில எல்லை கிடக்கட்டும். இரண்டு புரையிடத்துக்கு நடுவேயுள்ள எல்லைக் கல்லை எண்ணுங்கள். இரவில் அதைப் பெயர்த்து நட்டவனைத் திருடன் என்போம். மழைவெள்ளத்தில் அதுவாகவே ஒரு முழம் நகர்ந்தால்? நகர்த்தியவன் நீ அல்லன். ஆனால் நகர்ந்ததை அறிந்தும், அந்த ஒரு முழத்தில் ஓசையின்றி வாழைக்கன்று நட்டாயானால், அன்றுமுதல் அக்கல்லை நகர்த்தியவன் நீயே.

முதலாளி பணம்தானே என்னும் விடை

முதல் விடைக்கு என் வாழ்க்கையே மறுப்பு. அதனை மறைப்பது ஒரு பிரசாரகனுக்கு அழகன்று.

முப்பதாண்டுகளுக்கு முன் நான் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் பகுதியில் சைடராக இருந்தேன். அந்நாளில் சம்பளம் கவரில் வரும். ஒரு மாதம் தேநீர்க் கடையில் அமர்ந்து எண்ணியபோது நூறு ரூபாய் கூடுதலாக இருந்தது. புத்தம்புதிய இரண்டு நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒன்றாய்க் கிடந்தன. அது எனக்கு அன்று பல நாள் வீட்டுச் செலவு. நிர்வாகத்திற்கு நூறு ரூபாய் எம்மட்டு என்று எண்ணினேன். அதில் பிள்ளைக்குப் பள்ளிப் புத்தகம் வாங்கினேன். நல்ல காரியத்திற்குத்தானே ஆயிற்று என்று திருட்டுக்குத் தருமத்தின் சட்டையை மாட்டினேன்.

பல ஆண்டுகள் கழித்து நான் முச்சரணம் புகுந்தேன். முதன்முதலாகச் சீலம் ஏற்ற இரவில் அந்த நூறு ரூபாய் என் நினைவில் எழுந்தது. விசாரித்தபோது, சம்பளம் பட்டுவாடா செய்த காசாளர் ஓய்வு பெற்று நெய்யாற்றின்கரைப் பக்கம் இருப்பதாக அறிந்தேன். சென்றேன். நடந்ததைக் கூறிப் பணத்தை வைத்தேன். அவர் அதனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்து, "அன்றைக்கே உமக்குத் தெரியுமா?" என்று மலையாளத்தில் கேட்டார். தெரியும் என்றேன்.

அப்போதுதான் இரண்டு செய்திகளை அறிந்தேன். ஒன்று, அந்த நட்டம் முதலாளியை அணுகவே இல்லை. குறைந்த நூறு ரூபாயைக் காசாளர் தம் சொந்தச் சம்பளத்திலிருந்து கட்டியிருக்கிறார். மற்றது அதனினும் கொடிது. புதுக்கட்டைப் பிரித்துக் கொடுத்த சிலரில் ஒருவர்தாம் அதனை எடுத்திருக்கவேண்டும் என்று அவர் கணித்து, எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு தொழிலாளியை ஐயுற்றிருக்கிறார். ஏன் அவரை? அவர் கடன்பட்டவர்; எல்லாரினும் ஏழை; அவருக்காகப் பேச எவரும் இல்லை. அதன்பின் அவர் முன்பணம் கேட்டபோதெல்லாம் காசாளர் அவருக்காக ஒரு சொல் சொல்லவில்லை. அத்தொழிலாளி வேலையை விட்டுச் சென்று, நான் அங்கே சென்ற நாளுக்கு முன்னரே இறந்துவிட்டார்.

நூறு ரூபாயைத் திருப்பித் தர என்னால் முடிந்தது. ஒருவர்மேல் ஏறிய பழியைத் திருப்பி எடுக்க முடியவில்லை. அவர் வீட்டாரிடம் சென்று சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவே.

ஆகவே அன்பர்களே, "முதலாளி பணம்தானே" என்பவர் அப்பணம் வந்த வழியை அறியாதவர். அது காசாளர் வீட்டு அரிசியாக இருக்கலாம். துண்டுக் கூலி முறையில் உடன் வேலை செய்யும் ஒருவருடைய எடை உங்கள் எண்ணில் எழுதப்பட்டதாக இருக்கலாம். அவ்வாறாயின் நீங்கள் உண்பது உடன்பிறந்தவர் கூலி. பொருள் காணாமற்போன இடத்தில் பழி எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்பவன்மேல் சென்று விழுகிறது. நம் முன்னோர் எத்தனை தலைமுறை அப்பழியைச் சுமந்தனர் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை.

நமக்குச் சேரவேண்டியதே என்னும் விடை

இரண்டாம் விடை முதலாவதினும் வலியது. ஏனெனில் அதில் பாதி உண்மை உண்டு. உழைப்பாளிக்குச் சேரவேண்டியது சேர்வதில்லை என்பது பொய்யன்று. சிகாலருக்குப் பகவன் உரைத்த இல்லறத்தார் விநயத்தில் முதலாளிக்கு ஐந்து கடமைகள் கூறப்படுகின்றன. வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் தருதல், நோயுற்றால் பேணுதல், சிறந்த உணவு கிடைத்தால் பகிர்தல், தக்க காலத்தில் ஓய்வு தருதல். இவற்றில் தவறிய முதலாளி, தொழிலாளி கொடாத உழைப்பைக் கொண்டவனே ஆவான். இரண்டாம் சீலம் அவன் கதவையும் தட்டுகிறது என்று நாம் உரக்கச் சொல்லவேண்டும்.

அதே உபதேசத்தில் தொழிலாளிக்கும் ஐந்து கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, கொடுத்ததை மட்டுமே கொள்ளுதல். ஒருவர் கடமை தவறினால் மற்றவர் கடமை நீங்கும் என்று பகவன் கூறவில்லை.

"அவன் நூறு எடுத்தான், நான் பத்து எடுத்தால் என்ன?" எனின், கூறுகிறேன். பாக்கி என்பது உரிமை. உரிமையை நடுப்பகலில், பெயரோடும் கணக்கோடும், பலர் அறியக் கேட்கவேண்டும். மறைத்து வைத்துக்கொண்ட பணத்தால் எந்தப் பாக்கியும் தீர்வதில்லை. அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பக்கத்தில் நிற்கும் தோழருக்கு ஒரு காசும் பயன்படாது. அதுமட்டுமன்று. உள்ளே ஒன்றை ஒளித்தவன் வாய் அடைபடும். கூடுதல் பணத்தை விழுங்கிய பின்னர், "என் சம்பளக் கணக்கைக் காட்டுங்கள்" என்று நிர்வாகத்திடம் கேட்க நான் பல மாதம் அஞ்சினேன். என் நூறு வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தில், எனக்குக் குறைந்தவற்றையும் கேளாமல் விட்டேன். நூறு ரூபாய்க்கு என் நாவை விற்றேன் என்பதே பொருள்.

கூடுதலைக் "கூடுதல்" என்று சொல்லும் வாயே, குறைவைக் "குறைவு" என்று நிமிர்ந்து சொல்ல வல்லது. இதுவே நான் இக்கட்டுரையில் சொல்ல வந்த ஒரே செய்தி.

கேட்டால் கொடுப்போம் என்னும் விடை

மூன்றாம் விடை சட்டத்தை நாடுவோர் விடை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 72ஆம் பிரிவில், தவறுதலாகச் செலுத்தப்பட்ட பணத்தைப் பெற்றவர் அதைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், மிகையாகத் தந்த கூலியைப் பின்வரும் கூலியில் பிடித்துக்கொள்ள இடம் தந்தது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்துள்ள 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் அவ்வாறே இடம் தருகிறது. ஆனால் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியை மிஞ்சலாகாது.

எனினும் அறியாமல் பெற்று அறியாமல் செலவிட்ட ஏழையை என் செய்வது? இதற்கு உச்சநீதிமன்றம் இரக்கமுள்ள விடை தந்திருக்கிறது. 2014 டிசம்பர் 18ஆம் நாள், பஞ்சாப் அரசுக்கும் ரபீக் மசீஹ் என்பவருக்கும் இடையிலான வழக்கில், அரசு ஊழியருள் கடைநிலைப் பிரிவுகளான மூன்றாம், நான்காம் வகுப்பினரிடமும், ஓய்வு பெற்றோரிடமும், ஓராண்டிற்குள் ஓய்வு பெற இருப்போரிடமும் மிகைச் சம்பளத்தைத் திரும்பப் பிடிக்கலாகாது என்றும், ஐந்தாண்டுக்கு மேலாக வழங்கிவந்த மிகைச் சம்பளத்தையும் பிடிக்கலாகாது என்று அது வகுத்தது. நம் கேரளத்திலேயே, 1999இல் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், மிகையாகப் பெற்றதாகச் சொல்லப்பட்ட தொகைக்காக நெடுங்காலம் வழக்காடினார். அவர் பொய் கூறியோ வஞ்சித்தோ அதனைப் பெறவில்லை ஆதலின் திரும்பக் கேட்கலாகாது என்று 2022 மே 2ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்புகளைச் சிலர், "வந்ததை வைத்துக்கொள்ளலாம்" என்று படிக்கின்றனர். அது பிழை. அவை நல்லெண்ணத்தோடு பெற்று உண்டவர் வயிற்றில் அடிக்கலாகாது என்று வலியவர் கையைத் தடுப்பவை. உரையாசிரியர்கள் சொன்ன அறிவும் திருடும் எண்ணமும் இல்லாதவரை நீதிமன்றமும் குற்றவாளி என்று கொள்ளவில்லை. அறிந்தே மறைத்தவருக்கு அவற்றில் புகலிடம் இல்லை. மேலும் சட்டம், பிறர் என்னை எதுவரை வற்புறுத்தலாம் என்பதைச் சொல்கிறது. சீலமோ, எவரும் வற்புறுத்தாதபோது நான் எப்படி நடப்பேன் என்பதைக் கேட்கிறது.

தொகை பெரிதானால் மனம் எவ்வளவு விரைவில் வழுக்கும் என்பதற்குச் சிலி நாட்டுச் செய்தி ஒன்று சான்று. 2022ஆம் ஆண்டில் அங்கே ஓர் உணவு நிறுவனம் ஊழியர் ஒருவர்க்கு மாதச் சம்பளத்தைப்போல் ஏறத்தாழ 330 மடங்கைத் தவறுதலாக வழங்கியது. திருப்பித் தருவதாகக் கூறிய அவர், வேலையை விட்டு விலகித் தலைமறைவானார். அவரை நகைப்பது எளிது. 330 மடங்கிற்கு ஓடியவரும் நூறு ரூபாய்க்கு வாய் மூடிய நானும் ஒரே பாதையில் நின்றவர்களே. தூரம் மட்டும் வேறு.

செய்யவேண்டுவன

கூடுதல் கூலி வந்தால் செய்யவேண்டுவன இவை.

முதலாவது, மிகைதானா என்று சீட்டைப் பார்த்து உறுதி செய்க. பழைய பாக்கியோ, பஞ்சப்படி உயர்வோ, மிகைநேரக் கூலியோ ஆக இருக்கலாம். உழைத்துப் பெற்றதைத் தாழ்மை காட்டித் திருப்பித் தருவதும் அறிவன்று.

இரண்டாவது, ஐயம் இருந்தால் அப்பணத்தைத் தொடாது தனியே வைக்க. செலவழித்தபின் உண்மை பேசுவது பன்மடங்கு கடினம்.

மூன்றாவது, தாமதியாது எழுத்தில் தெரிவிக்க. எழுதத் தெரியாதவர் தொழிற்சங்கத்தாரையோ படித்த பிள்ளையையோ கொண்டு எழுதி, ஒரு படியைத் தம்மிடம் வைத்துக்கொள்க. வாயால் மட்டும் சொன்ன நேர்மையை நாளை மறுப்பார் உண்டு. பணமாகக் கையில் திருப்பிக் கொடுத்தால் இரசீது வாங்காமல் வராதீர்.

நான்காவது, அறியாமல் செலவாகிவிட்டதெனின், அதனையும் மறையாது கூறித் தவணை கேட்க. தவணை கேட்பது இழிவன்று. ஒரே மாதத்தில் பிடித்துக் குடும்பத்தைப் பட்டினி போடும் முதலாளியைச் சட்டப்படி எதிர்த்து நிற்பதும் தவறன்று.

ஐந்தாவது, அதே தாளில், அதே நாளில், உங்களுக்குக் குறைந்தது ஏதேனும் இருந்தால் அதனையும் எழுதுக.

யாருக்காக?

"நம்மவர் நேர்மையை ஊரார் காணட்டும்" என்று சில நண்பர்கள் கூறுவர். நான் அதனை ஒப்பேன். நம்மை ஐயத்தோடு நோக்கியவரிடம் நற்சான்று பெறுவதற்காகச் சீலம் காப்பது, அவர்களையே இன்னும் நீதிபதியாக அமர்த்துவதாகும். அவர்கள் காணினும் காணாவிடினும் சீலம் நம்முடையது.

அனாதபிண்டிகருக்குப் பகவன் இல்லறத்தார் இன்பம் நான்கு என்றார். பொருள் உடைமை, அதனை நல்வழியில் துய்த்தல், கடன் இன்மை, குற்றம் இன்மை. முன்னிரண்டும் நமக்கு அளவோடுதான் கிடைக்கும். அண்டி ஆபீசிலும் செங்கல் சூளையிலும் ரப்பர்த் தோட்டத்திலும் எவ்வளவு கிடைக்கும் என்பதை அறிவோம். பின்னிரண்டையும் செல்வந்தர்க்கு நிகராக, ஏன், அவரினும் மேலாக நாம் பெறலாம். அவற்றை 2,300 ரூபாய்க்கு விற்பது நட்டமான வியாபாரம்.

அந்தச் சகோதரி மறுவாரமே எழுதிக் கொடுத்தார். பதிவேட்டைப் புரட்டியபோது, அவரது வரிசையிலேயே அமரும் மற்றொரு சகோதரியின் எடை இவர் எண்ணில் ஏறியிருந்தது தெரியவந்தது. அந்த அம்மையார், தாமே எடையைத் தவறாக நினைத்திருப்போம் என்று எண்ணி, எவரிடமும் சொல்லாமல் கடைக்காரரிடம் கடன் வாங்கி அம்மாதத்தை ஓட்டியிருக்கிறார். பணம் உரியவரிடம் சேர்ந்தது. சகோதரி அதே தாளில் எழுதிய தம் விடுமுறைக் கூலிப் பாக்கி இன்னும் வரவில்லை. ஆனால் இப்போது அதனைக் கேட்பவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். அவ்விருவரும் சேர்ந்து கேட்கின்றனர்.

எல்லா உயிர்களும் நலமுற்று வாழ்க. நமோ புத்தாய.